நேரடிப் பேருந்தா, மெட்ரோவில் போய் மாறுவதா?

வேலை மாறியதும் அலுவலகம் போக எனக்கு இரண்டு வழி இருந்தது. வீட்டருகே ஏறினால் அலுவலக வாசலிலேயே இறக்கிவிடும் பேருந்து, 20 நிமிடத்துக்கு ஒன்று. இல்லையென்றால் பாதி தூரம் மெட்ரோ, அப்புறம் இறங்கி வேறொரு பேருந்து. மூன்று மாதம் நேரடிப் பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு இப்போது மாறித்தான் போகிறேன். கேட்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

நேரடிப் பேருந்தின் சுகம் தெரிந்ததுதான்: இடம் கிடைத்துவிட்டால் கடைசிவரை எழுந்திருக்க வேண்டாம், படி ஏறி இறங்க வேண்டாம்.

என்னை மாறவைத்தது காத்திருப்பு. 20 நிமிடத்துக்கு ஒன்று என்றால் சராசரியாக 10 நிமிடம் நின்றால் போதும் என்று நினைப்போம், வண்டிகள் சீராக வந்தால்தான் அந்தக் கணக்கு சரி. சாலையில் ஒரு பேருந்து கொஞ்சம் பிந்தினால் அடுத்த நிறுத்தத்தில் கூடுதலாக ஆட்கள் சேர்ந்திருப்பார்கள், அவர்கள் ஏறி முடிப்பதற்குள் அது இன்னும் பிந்தும், பின்னால் வருவதற்கோ ஏற்ற ஆள் இல்லாததால் விறுவிறுவென்று வந்து முன்னதைப் பிடித்துவிடும். வாசல்வரை பிதுங்கிக்கொண்டு ஒன்று, அதன் வாலிலேயே பாதி காலியாக அதே எண்ணில் இன்னொன்று என்று எத்தனையோ காலை பார்த்திருக்கிறேன். மணிக்கு மூன்று வண்டி என்பது அப்போதும் உண்மைதான். ஆனால் அவை 5, 5, 50 நிமிட இடைவெளியில் வந்தால் சராசரிக் காத்திருப்பு 21 நிமிடத்தைத் தாண்டும், ஏனென்றால் நிறுத்தத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அந்த 50 நிமிடத்தில்தான் மாட்டுவார்கள்.

மெட்ரோவுக்குத் தனிப் பாதை, சாலை நெரிசல் அதைத் தொடாது. லண்டனின் விக்டோரியா பாதையில் நெரிசல் நேரத்தில் மணிக்கு 36 ரயில், அதாவது 100 விநாடிக்கு ஒன்று. அவ்வளவு வேண்டாம், 5 நிமிடத்துக்கு ஒன்று இருந்தாலே ஒன்றைத் தவறவிட்டால் பதற வேண்டியதில்லை. இரண்டாவது பேருந்தை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள்: நாலைந்து எண்கள் ஒரே பக்கம் போகும் பெரிய சாலையில் மாறினால் எது முதலில் வருகிறதோ அதில் ஏறிவிடலாம். இறங்கும் நிலையத்தில் நகரும் படிக்கட்டுக்கு நேராக நிற்பது எந்தப் பெட்டி என்று ஒருநாள் கவனித்து, மறுநாளிலிருந்து அதிலேயே ஏறுங்கள். கூட்டம் படிக்கட்டை அடைப்பதற்குள் மேலே வந்துவிடலாம்.

கட்டணம் ஊருக்கு ஊர் வேறு. சிங்கப்பூரில் 2010 முதல் மாறினாலும் மொத்தத் தூரத்துக்குத்தான் கட்டணம். ஏறும்போதெல்லாம் தனியாக வாங்கும் ஊரில் மாறுவது கையைக் கடிக்கலாம், அங்கே மாதாந்திரப் பாஸ் இரண்டுக்கும் செல்லுமா என்று முதலில் பாருங்கள்.

கைக்குழந்தையோடோ பெரிய பெட்டியோடோ நான் இப்படிப் போனதில்லை, அவற்றோடு போகிறவர்களுக்கு நேரடிப் பேருந்தே நல்லது என்றுதான் தோன்றுகிறது. இரவிலும் அதிகம் போனதில்லை. மெட்ரோவை விட்டு இறங்கியபின் பேருந்து இல்லையென்றால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான், அதனால் வேலை முடிய நேரமாகும் நாட்களில் பழைய நேரடிப் பேருந்தின் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்துவைத்துக்கொள்கிறேன்.