வட்டக்கானல் காட்டேஜ்: ஜெபம் பண்ற யூத கெஸ்ட் வந்தா இங்க விடுங்க

கொடைக்கானல்ல டாக்ஸி ஓட்டுறேன், வட்டக்கானலுக்கு இஸ்ரேல்காரங்கள நிறைய இறக்கி விட்ருக்கேன். அவங்கள்ல தினமும் மூணு வேளை தவறாம ஜெபம் பண்றவங்களுக்கு ரூம் பாக்குறது தனி வேலைங்க, மெத்தையும் வியூவும் நல்லாருந்தா மட்டும் பத்தாது. டால்பின் நோஸ் போற பாதையில இருந்து கொஞ்சம் கீழ இறங்குனா போர்டு கூட மாட்டாத ஓட்டு வீடு, மூணு ரூம். அதுக்குத்தான் இந்த ரிவ்யூ.

அவங்க ஜெபத்துல உடம்பு எப்படி நிக்கணும்னே சட்டம் இருக்கு. அமிதான்னு ஒரு ஜெபம், எருசலேம் பக்கம் திரும்பி ரெண்டு பாதத்தையும் ஒட்டி வச்சு நிக்கணும், உதடு அசையணும் ஆனா சத்தம் அவங்க காதுக்கு மட்டும் கேக்கணும், தொடங்குறப்ப மூணு அடி முன்னாடி, முடிச்சதும் மூணு அடி பின்னாடி போயி இடது, வலது, நடுன்னு குனிவாங்க. இங்க பாதி ரூம்ல கட்டிலுக்கும் செவுத்துக்கும் நடுவுல சந்துதான் இருக்கு, எங்க போயி பின்னாடி நகர்றது? இந்த வீட்ல முதல் ரூம்ல மேற்கு ஜன்னல் முன்னாடி தரை காலியா தாராளமா கிடக்கு. நம்மூர்ல இருந்து எருசலேம் மேற்கால, கொஞ்சம் வடக்கு சாஞ்சு. ஜன்னல் இருக்குற வீட்லதான் ஜெபம் பண்ணணும்னு தல்மூத்ல, அதாவது அவங்களோட பழைய சட்ட விளக்க நூல்ல சொல்லிருக்கு, தானியேல் அந்தப் பக்க ஜன்னல திறந்து வச்சது பைபிள் படிச்சவங்களுக்கு தெரியும்.

அந்த ஜன்னல் ஓரமா முன்னாடி ஆளுயர கண்ணாடி வச்ச பீரோ இருந்துச்சு. கண்ணாடியப் பாத்து நின்னு ஜெபம் பண்ணக்கூடாது, தன்னோட உருவத்தையே கும்புடுற மாதிரி ஆயிடும். ஒரு கெஸ்ட் சொன்னதும் வீட்டுக்கார அக்கா அன்னிக்கே பீரோவ வேற ரூமுக்கு மாத்திட்டாங்க. இதுக்காகவே அவங்களுக்கு முழு மார்க் குடுப்பேன்.

நிக்கிறவங்களுக்கு முன்னால நாலு முழத்துக்குள்ள, அதாவது கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர், யாரும் குறுக்க போகக்கூடாது. கூப்ட்டாலும் பதில் வராது, ராஜா வணக்கம் சொன்னாலும் காலை பாம்பு சுத்துனாலும் நிறுத்தக்கூடாதுன்னு தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னாங்கிற சட்டத் தொகுப்புலயே இருக்கு. லக்கேஜ் எடுக்க நான் உள்ள போகப் பாத்தப்ப "தம்பி, அவரு நிக்கிறாரு, செத்த இரு"ன்னு அக்கா வாசல்லயே நிறுத்திட்டாங்க, கையில டீ பிளாஸ்க்கோட அவங்களும் அங்கதான் நின்னுட்டு இருந்தாங்க.

ரெண்டாவது ரூம் மட்டும் வேண்டாங்க. பாத்ரூம் கதவு சரியா சாத்தாது, வாடை உள்ள வருது. நாத்தம் அடிக்கிற இடத்துல ஜெபமே பண்ணக்கூடாது, அதே மாதிரி வயித்த அடக்கிட்டும் நிக்கக்கூடாது, போயிட்டு வந்து கை கழுவிட்டுதான் நிப்பாங்க, அதனால பாத்ரூம் அவங்களுக்கு ரொம்ப முக்கியம். அக்காகிட்ட சொல்லிருக்கேன், கதவ இன்னும் மாத்தல.

டிரைவர் அண்ணன்மாருக்கு ஒண்ணு. காலை ஷெமா ஜெபத்த பகல் பொழுதுல முதல் கால் பாகம் முடியறதுக்குள்ள சொல்லணும், ஜெபத்துக்காக கையில கறுப்பு தோல்வாரு சுத்திட்டு இருக்குறப்ப ஹாரன் அடிக்காதீங்க, பிக்கப் டைம் முந்தின நாளே கேட்டு வச்சுக்கங்க. சனிக்கிழமை வண்டியே ஏற மாட்டாங்க, அன்னிக்கு டிரிப் பேசாதீங்க.