குற்றாலத்தில் 'தடை இல்லாத அருவி' என்று கூப்பிட்டால் போகாதீர்கள்

சீசனுக்குக் குற்றாலம் கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு. மலையில் மழை பலமாக இறங்கினால் பேரருவியில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அந்தத் தடையை நம்பியே ஒரு வியாபாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டு ஆட்கள் எட்டுப் பேர் நாலாயிரத்துக்கு மேல் அழுதுவிட்டுக் குழாய்த் தண்ணீரில் குளித்து வந்திருக்கிறோம்.

நாங்கள் போனபோது பேரருவியில் தண்ணீர் ஆர்ச்சை (பாதுகாப்பு வளைவை) தாண்டி விழுந்துகொண்டிருந்தது. கயிறு கட்டி, போலீஸ் யாரையும் பக்கத்தில் விடவில்லை. துண்டும் தோளுமாக ஒரு கூட்டம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. அந்தக் கூட்டத்துக்குள்தான் ஜீப்காரர்கள் ஆள் பிடிக்கிறார்கள். எங்களைப் பிடித்தவருக்கு நல்ல வாய்.

"இன்னைக்கு விட மாட்டாங்க அண்ணாச்சி. சும்மா நின்னு என்ன செய்யப் போறீக? நம்ம கூட்டிட்டுப் போற எடத்துல தடையே கெடையாது."

முட்டி வலியோடு நின்ற என் அத்தையைப் பார்த்து அடுத்தது: "படியே ஏற வேண்டாம் ஆச்சி. வண்டி நிக்கிற எடத்துல அருவி."

போக வர 2,500 ரூபாய், வேறு எதுவும் கொடுக்க வேண்டாம் என்றுதான் பேச்சு. செங்கோட்டையைத் தாண்டி மலையடிவாரம், அப்புறம் தோட்டத்து மண் பாதை. வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று என் மனைவி கேட்டதற்கு, "எல்லாம் பட்டா இடம் அக்கா" என்றார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது அப்போதே உறைத்தது. ஆனால் பிள்ளைகள் அதற்குள் பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

தோட்டத்து வாசலில் பூட்டிய கேட். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் தலைக்கு 200 ரூபாய் கேட்டார். ஜீப்காரர் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவர் பேசியது வண்டிக்கு மட்டுமாம். எட்டுப் பேருக்கு 1,600. கொடுத்த டோக்கனில் தோட்டத்தின் பெயர் இல்லை, தேதி இல்லை, வெறும் நம்பர். ஜிபே செய்தால் யாரோ தனி ஆளின் கணக்குக்குப் போகிறது. திரும்பிப் போகலாம் என்றால் அதற்கும் அதே 2,500தான்.

இனி அந்த அருவி. கருங்கல்லை அடுக்கி, சிமெண்ட் பூசி, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். இரண்டு ஆள் உயரம் இருக்கும். பிடிமானத்துக்கு அத்தை கை வைத்தார், சிமெண்ட் பொருக்கு உள்ளங்கையோடு வந்தது. மேலே ஏறிப் பார்த்தேன். ஓடைக்குக் குறுக்கே மணல் மூட்டை அடுக்கித் தேக்கி, அங்கிருந்து நான்கு இன்ச் கறுப்புக் குழாய். குழாய் நுனியில் ஒரு கேட் வால்வு. அதன் பக்கத்தில் பதினாறு வயசு இருக்கும் ஒரு பையன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

அரைமணி நேரம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் அடுத்த ஜீப் ஹாரன் கேட்டது. கீழிருந்து ஒருவர் விசில் அடிக்க, பையன் வால்வைத் திருகினான். என் மகள் தலையில் ஷாம்பு நுரையோடு நிற்கிறாள், அருவி நின்றுவிட்டது! "டைம் முடிஞ்சிருச்சு, அடுத்த பார்ட்டி வரணும்." பெண்கள் துணி மாற்ற ஒரு தார்ப்பாய் மறைப்பு, அதற்குத் தனியாக நூறு ரூபாய். உயிர்காப்பு ஆள், முதலுதவிப் பெட்டி, போலீஸ் எதுவும் கிடையாது. பாசி பிடித்த தரையில் யாராவது வழுக்கி விழுந்தால் அந்தப் பாதையில் ஆம்புலன்ஸ் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது ஜீப்காரரிடம், "உங்களுக்கு எவ்வளவு கமிஷன்ணே?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கியரை மாற்றினார்.

காசைவிட எனக்கு ஆத்திரம் அந்த வால்வைப் பார்த்துத்தான். ஓடைத் தண்ணீர் கீழே எத்தனையோ வயலுக்கும் குளத்துக்கும் போக வேண்டியது. இப்படி இயற்கை ஓடையைத் திருப்பிச் செயற்கை அருவி உண்டாக்கிய ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-லேயே உத்தரவு போட்டது. அதற்குப் பிறகும் நாங்கள் டோக்கன் வாங்கிக் குளித்திருக்கிறோம்.

தடையைக் கெடுபிடி என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பேரருவியில் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாகடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்துதான் கீழே வருகிறது. அதையும் மீறி ஆர்ச்சுக்கு மேலே பாய்கிறது என்றால் கல்லும் மரக்கட்டையும் சேர்ந்தே வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் சீசன்கூட ஆரம்பிக்கவில்லை. கோடை மழைக்குத் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மேலே காட்டுக்குள் பெய்யும் மழை கீழே நிற்கிற நமக்குத் தெரியாது.

ஆகவே தடை என்றால் ரூமுக்குப் போய்ப் படுங்கள், இல்லையென்றால் குற்றாலநாதரைக் கும்பிட்டுவிட்டுச் சித்திரசபை ஓவியங்களைப் பாருங்கள். தண்ணீர் தணிந்தால் சில மணி நேரத்திலேயே திறந்துவிடுவதும் உண்டு. எல்லா அருவியையும் ஒரே நேரத்தில் திறப்பார்கள் என்றும் இல்லை. ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம் நிலவரத்தை அங்கே நிற்கிற போலீஸிடமே கேளுங்கள், ஆட்டோ ஸ்டாண்டில் கேட்காதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் புலியருவி தோதானது. இந்த அருவிகளில் குளிக்கக் காசு கிடையாது, வண்டி நிறுத்தத்தான் கட்டணம். குளிப்பதற்கென்று ஒருவர் டோக்கன் கிழித்தால் அங்கேயே வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ஜீப் நம்பரையும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் அழிக்காமல் வைத்திருங்கள். குழாய், வால்வு, மணல் மூட்டை மூன்றையும் போட்டோ எடுத்து, திங்கட்கிழமை மனு நாளில் தென்காசி கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கலாம். எங்கள் மனுவைக் கொடுத்தாகிவிட்டது. பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.