ஆறு நாள் காய்ச்சலும் ஒரு கருப்புப் பொருக்கும்

ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. இங்கிலாந்திலிருந்து ஒவ்வொரு முறை போய்வந்த பிறகும் டாக்ஸி, சிம் கார்டு, வங்கி, தாலுகா ஆபீஸ் என்று எது எப்படி இருந்தது என எழுதிவைப்பது என் பழக்கம். இந்த முறை வங்கிப் பக்கமே போகவில்லை. பார்த்ததெல்லாம் ஆஸ்பத்திரிதான். எட்டு வயது மகளுக்கு ஆறு நாள் காய்ச்சல். ஏன் என்று சொல்ல ஆளில்லை.

2025 டிசம்பர் 13, சனிக்கிழமை விடியற்காலை இறங்கினோம். இங்கிலாந்தில் பள்ளி விடுமுறைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. டிக்கெட் விலையைப் பார்த்து நானே ஐந்து நாள் மட்டம் போடவைத்தேன். (அனுமதி இல்லாமல் ஐந்து நாள் மட்டம் போட்டால் இங்கிலாந்தில் அப்பா, அம்மா ஒவ்வொருவருக்கும் 80 பவுண்டு அபராதம். அதைச் சேர்த்தும் டிக்கெட்டில் மிச்சம் வந்தது. தப்புதான்.) வேலை இருந்ததால் கணவர் வரவில்லை.

முதல் பத்து நாள் அவள் ஐபேடைத் தொடவில்லை. அண்ணன் பிள்ளைகளோடு வைக்கோல் போரில் சறுக்குவாள். ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு கிணற்று மேட்டுப் புதருக்குள் நுழைவாள். மழை ஓய்ந்த சமயம், எங்கு பார்த்தாலும் இடுப்பளவு புல். நான் வரப்பில் நின்று போட்டோ எடுத்துக் கணவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

24-ஆம் தேதி இரவு அம்மா அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, இப்படிக் கொதிக்குது" என்றார். வீட்டுத் தெர்மாமீட்டர் 103.6 காட்டியது. ஃபாரன்ஹீட்டில் காய்ச்சல் பார்த்து எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. போனில் கணக்குப் போட்டு 39.8 செல்சியஸ் என்று வந்த பிறகுதான் வயிற்றைப் பிசைந்தது.

மறுநாள் கிறிஸ்துமஸ். டவுனில் குழந்தைகள் டாக்டர் யாரும் இல்லை. கொண்டுவந்திருந்த கால்பால் (பாராசிட்டமால்) சிரப்பைக் கொடுத்தேன்; இரண்டு மணி நேரம் இறங்கும், பிறகு பழையபடி ஏறும். அம்மா உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். நிலவேம்புக் கஷாயமும் வைத்தார், அவள் குடித்தால்தானே. இங்கிலாந்தில் இருந்தால் 111 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணை அழைத்துப் பேசியிருப்பேன், இங்கிருந்து அந்த எண் கிடைக்காது. கணவர் எங்கள் ஜி.பி.க்கு (அங்கே குடும்ப டாக்டரை அப்படித்தான் சொல்வார்கள்) ஆன்லைனில் எழுதிப் போட்டார். அங்கே தொடர்ந்து நான்கு நாள் விடுமுறை. திங்கட்கிழமை பதில் வந்தது: உள்ளூர் மருத்துவரைப் பாருங்கள். அவர்களும் பாவம், வேறென்ன சொல்வார்கள்.

26-ஆம் தேதி டவுன் கிளினிக். டோக்கன் 34. டாக்டர் பார்த்தது மூன்று நிமிடம் இருக்கும். பக்கத்திலேயே லேப். டெங்கு, மலேரியா, டைபாய்டுக்கான வைடால், முழு ரத்த எண்ணிக்கை என்று 1,850 ரூபாய். சாயந்திரமே ரிப்போர்ட் வாட்ஸப்பில் வந்துவிட்டது. இந்த வேகத்தை இங்கிலாந்தில் கனவிலும் பார்க்க முடியாது, அதைச் சொல்லியாக வேண்டும். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, வைடால் 'சந்தேகம்', பிளேட்லெட் 1,18,000. டைபாய்டாக இருக்கலாம் என்று ஒரு ஆன்டிபயாட்டிக் சிரப் கொடுத்தார்கள்.

27 காலையில் வாந்தி, வயிற்று வலி, கண் இரண்டும் சிவப்பு. இன்னும் கொஞ்சம் பெரிய ஊரில் இருக்கும் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். படுக்கை கொடுப்பதற்கு முன்னால் 20,000 அட்வான்ஸ். ஆதார் கேட்டார்கள். அவளுக்கு ஆதார் இல்லை, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றதும் கவுண்டரில் இருந்தவர் உள்ளே திரும்பி, "ஃபாரின் பார்ட்டி, ஏ.சி. ரூம் போட்டுடு" என்றார். என் போனில் ஜிபே கிடையாது, அண்ணன்தான் கட்டினார்.

குறை மட்டும் சொல்லக் கூடாது. இரவு டியூட்டியில் இருந்த நர்ஸ் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். நரம்பு கிடைக்காமல் இரண்டாவது முறை குத்தியபோது அவளுக்கே கண் கலங்கிவிட்டது. ஆனால் டாக்டர்கள் வருவது காலை ஒன்பது மணிக்கு ஒருமுறை, இரவு ஒருமுறை. வந்தால் கட்டிலின் கால்மாட்டில் நின்று ஃபைலைப் புரட்டுவார்கள், டிரிப்ஸைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். நான் கேட்டால் "வைரல் மாதிரிதான் தெரியுது, பாக்கலாம்". மூன்று நாளில் மூன்று முறை ரத்தம், ஒரு வயிற்று ஸ்கேன். கல்லீரலும் மண்ணீரலும் லேசாக வீங்கியிருக்கின்றன என்றார்கள். பிளேட்லெட் 84,000. நரம்பில் ஏறிய விலையுயர்ந்த ஆன்டிபயாட்டிக் எதையும் காய்ச்சல் மதிக்கவே இல்லை. ஒருவராவது அவள் உடம்பை முழுக்கப் பார்க்கவில்லை. அப்போது எனக்கும் அது உறைக்கவில்லை. எண்கள் ஏறுவதையும் இறங்குவதையும் கணவரிடம் போனில் ஒப்பித்துக்கொண்டிருந்தேன், அவர் அங்கே எக்ஸெல் போட்டுக்கொண்டிருந்தார்.

29 இரவு, "இங்க குழந்தைங்க ஐ.சி.யு. இல்ல, சென்னைக்குக் கொண்டுபோயிடுங்க" என்றார்கள். பில் 41,300. டிஸ்சார்ஜ் தாளில் நோயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பி.யு.ஓ.' என்று மூன்று எழுத்து. என்னவென்று கேட்டேன். காரணம் தெரியாத காய்ச்சலாம். அதைத்தான் நான் வரும்போதே சொன்னேன்.

சென்னைக்கு விடியற்காலையில் கார் சொல்லியாகிவிட்டது. இரவு பத்தரைக்கு அண்ணியின் தங்கை போன் செய்தாள். அவள் கிராம சுகாதார செவிலியர். "அக்கா, பாப்பா உடம்புல எங்கனா கருப்பா பொருக்கு மாதிரி இருக்குதா? சிகரெட்டால சுட்டாப்ல? அக்குள், தொடை இடுக்கெல்லாம் பாருங்க" என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "பரவால்ல, போற வழியில எங்க ஜி.எச்.ல குழந்தைங்க டாக்டரம்மாகிட்ட ஒருதரம் காட்டிட்டுப் போங்க" என்றாள். சரி, வழிதானே என்று ஒப்புக்கொண்டேன். நம்பிக்கை இருந்ததா என்றால், இல்லை.

அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுக்குக் காசு கிடையாது. பெயர், வயது, போன் நம்பர், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டை யாரும் கேட்கவில்லை. மின்விசிறி ஓடவில்லை, கழிவறைக்குப் பூட்டு. பெஞ்சில் என் மடியில் தலை வைத்து அவள் படுத்திருந்தாள், பக்கத்தில் ஒரு பாட்டி தன் முந்தானையால் அவளுக்கு விசிறிக்கொண்டே இருந்தார். நாற்பது நிமிடம் காத்திருந்தோம்.

டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். நான் நீட்டிய ஃபைலை வாங்கி மேசையில் வைத்தார், திறக்கவில்லை. "பாப்பா ஊருக்கு வந்ததுலேர்ந்து எங்கெல்லாம் விளையாடினா?" என்றுதான் முதலில் கேட்டார். நான் வைக்கோல் போர், புதர், ஆட்டுக்குட்டி என்று சொல்லச் சொல்ல அவர் கை அவள் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தது. இடது காதுக்குப் பின்னால் ஒரு நெறி. "ஜடையக் கொஞ்சம் அவுங்க" என்றார். அம்மா முன்தினம் இறுக்கிப் பின்னிய ஜடை. முடியை விலக்கினால், காதுக்குப் பின்னால் மயிர்க்கால் தொடங்கும் இடத்தில், மிளகைப் பாதியாக உடைத்து ஒட்டிவைத்தாற்போல ஒரு கருப்புப் பொருக்கு. சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம்.

"வலிக்குதா?"

"இல்ல."

பின்னால் நின்ற அம்மா மெதுவாக, "அது பேன் கடிச்ச புண்ணுன்னு நெனச்சேம்மா. தலை வாரும்போது பாத்தேன், தேங்காண்ணெ வெச்சேன். ஒரு வாரத்துக்கு மேல இருக்கும்" என்றார். மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும்தான்.

ஸ்க்ரப் டைபஸ். பேப்பரில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுவார்களே, அது. ஊசி முனை அளவுகூட இல்லாத ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது. புதர், உயரப் புல், எலி நடமாட்டம் உள்ள இடங்களில் இருக்கும். மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் அதிகம். கடித்த அன்று எதுவும் தெரியாது. காய்ச்சல் தொடங்கச் சாதாரணமாகப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். கடித்த இடத்தில் இப்படி வலிக்காத பொருக்கு கட்டும். எல்லாருக்கும் கட்டுவதில்லை, கட்டினாலும் அக்குள், இடுக்கு, காதுப் பின்புறம் என்று மறைவான இடமாகப் பார்த்து உட்காரும். வழக்கமாகக் கொடுக்கும் பெனிசிலின் வகை மருந்துகள் இந்தக் கிருமியைத் தொடுவதில்லை. அதனால்தான் 41,300 ரூபாய்க்கும் இறங்கவில்லை. வேலூர் சுற்றுவட்டாரத்துக்கு இது புதிதல்ல, சி.எம்.சி. மருத்துவர்கள் பல வருடமாக இதைப் பற்றி எழுதிவருகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் பிரிட்டிஷ் படையைப் படுத்தி எடுத்ததும் இதே காய்ச்சல்தான்.

ரத்தம் எடுத்து எலைசா பரிசோதனைக்கு அனுப்பினார்கள். "ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேணாம், மருந்த இப்பவே ஆரம்பிச்சுடலாம்" என்று டாக்ஸிசைக்ளின் எழுதினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே சாதாரணமாகக் கொடுப்பதில்லை, பல் நிறம் மாறலாம் என்று இங்கிலாந்தில் சொல்வார்கள். போனில் தேடி அவரிடமே காட்டினேன். வேறு டாக்டராக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார். பல்லைக் கறையாக்கியது பழைய டெட்ராசைக்ளின், இதைச் சில நாள் மட்டும் கொடுத்தால் அந்தப் பயம் தேவையில்லை, இந்தக் காய்ச்சலுக்கு முதல் மருந்தே இதுதான் என்று பொறுமையாகச் சொன்னார். "அப்படியும் மனசு கேக்கலேன்னா அசித்ரோமைசின் இருக்கு. ஆனா இவ்ளோ நாள் தள்ளிப்போன கேஸ்ல நான் இதத்தான் குடுப்பேன்" என்றார். குடுங்க என்றேன். எடைக்கு ஏற்றபடி பாதி மாத்திரை, இரண்டு வேளை, பாலோடு கூடாது, விழுங்கியவுடன் படுக்கவைக்கக் கூடாது.

சென்னைக் காரைத் திருப்பி அனுப்பிவிட்டு அங்கேயே குழந்தைகள் வார்டில் சேர்த்தோம். வார்டு எப்படி என்றால், போர்வை நாம்தான் கொண்டுபோக வேண்டும், குளியலறை சொல்லும்படி இல்லை, டிரிப்ஸ் ஸ்டாண்டு தேடிக் கொடுத்தவர் ஐம்பது ரூபாய்க்குத் தலையைச் சொறிந்தார். மருந்து, பால், பிரெட் எல்லாம் இலவசம். மணிக்கொருதரம் யாராவது வந்து பார்த்தார்கள்.

இதற்குள் ஊரில் 'உண்ணிக் காய்ச்சல்' என்ற செய்தி பரவி, அண்ணன் வீட்டு நாயைப் பிடித்து இரண்டு முறை மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டிவிட்டார்கள். நாய் உண்ணி வேறு, இது வேறு. நாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றவும் செய்யாது என்று போனில் சொல்லிப் பார்த்தேன். நாயின் நல்ல நேரம், மூன்றாவது முறை அகப்படவில்லை.

31-ஆம் தேதி இரவு பத்து மணிக்கு 99. தெர்மாமீட்டரைத் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தேன், 98.8. பன்னிரண்டு மணிக்குத் தெருவில் வெடிச் சத்தம் கேட்டு எழுந்து, "அம்மா, இட்லி இருக்கா?" என்றாள். அந்த நேரத்தில் இட்லிக்கு எங்கே போவேன். பக்கத்துக் கட்டில் பையனின் அம்மா தூக்கு வாளியைத் திறந்து, ஆறிப்போன இரண்டு இட்லியில் சர்க்கரை தூவிக் கொடுத்தார். ஜனவரி 2-ஆம் தேதி எலைசா பாசிட்டிவ் என்று வந்தது.

ஊருக்குக் குழந்தையோடு போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஐந்து நாள் தாண்டிய காய்ச்சல், டெங்கு இல்லை என்றால், "ஸ்க்ரப் டைபஸ் பார்த்தீர்களா?" என்று வாய் திறந்து கேளுங்கள். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை நீங்களே ஒருமுறை பாருங்கள். பெண் குழந்தை என்றால் ஜடையை அவிழ்த்துப் பாருங்கள். எங்கே விளையாடினாள் என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். தனியார் மருத்துவமனையில் இனவாரி பில், டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள டிஸ்சார்ஜ் தாள் இரண்டையும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப்போட்டோம், பயணம் செய்யலாம் என்று டாக்டர் எழுதித் தந்த கடிதம் அதற்கு உதவியது. பயணக் காப்பீட்டுக்காரர்கள் தனியார் பில்லுக்குப் பெரிய தகராறு செய்யவில்லை. அரசு மருத்துவமனையின் பில் எங்கே என்றுதான் விடாமல் கேட்டார்கள். பில்லே கிடையாது, எல்லாம் இலவசம் என்று புரியவைக்க மூன்று மின்னஞ்சல் ஆனது.

திரும்பி வந்ததும் ஜி.பி.யிடம் காட்டினோம். டாக்ஸிசைக்ளின் என்று படித்ததும் புருவத்தை உயர்த்தினார், கீழே நோயின் பெயரைப் படித்ததும் இறக்கிக்கொண்டார். பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன் என்று சொல்லி, அனுமதி கேட்டு அந்தத் தழும்பைப் போட்டோ எடுத்துக்கொண்டார். பள்ளியின் அபராதக் கடிதமும் வந்திருந்தது. இருவருக்கும் சேர்த்து 160 பவுண்டு கட்டினோம்.

அம்மா இன்னும், "நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்று புலம்புகிறார். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மகள் தானாகவே முடியை விலக்கி, காதைப் போனில் ஒட்டவைத்து, "ஆயா, பாரு, போயிடுச்சு" என்றாள். திரை முழுக்கக் காதுதான் தெரிந்திருக்கும். "தெரியுது, தெரியுது" என்றார் அம்மா.