அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம்: ஒரு பாலிசிதாரரின் மதிப்புரை

பாலிசி வேலையாகப் போகிறவர்கள் கவுண்டரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். எதிர்ப்புற நடைபாதையில் நின்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். ஒரே சீராக மேலேறும் செங்குத்துப் பட்டைகள், அவற்றுக்கிடையே வரிசை வரிசையாக ஜன்னல்கள், உச்சியில் நிறுவனத்தின் பெயர். வேறு அலங்காரம் இல்லை. எனக்கு அதுதான் பிடித்தது. இன்றைய கண்ணாடிக் கட்டடங்கள் எதிலும் இந்த மிடுக்கு இல்லை.

இதைக் கட்டத் தொடங்கியது எல்.ஐ.சி. அல்ல. யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் போட்ட திட்டம் இது. நினைத்தது 18 மாடி. அவர் 1954இல் சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்தார். 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானதும் பாதியில் நின்ற கட்டடம் எல்.ஐ.சி.யின் கைக்கு வந்தது. முதலில் வடிவமைத்த லண்டன் கட்டடக் கலைஞர்கள் விலகிய பின் எல்.எம். சித்தாலே முடித்துக்கொடுத்தார். நினைத்ததைவிட மாடிகள் குறைந்தும் உயரம் 177 அடி. 1959இல் திறந்தபோது நாட்டிலேயே உயரமான கட்டடம். அந்தப் பெருமை இரண்டே ஆண்டுதான். 1975இல் தீப்பிடித்தும் நிலைத்து நிற்கிறது.

பட்டணத்துக்கு வந்துவிட்டான் கதாநாயகன் என்று காட்டச் சினிமாக்காரர்களுக்கு இதைவிட மலிவான வழி கிடைக்கவில்லை!

பஸ்ஸில் பெயரைச் சொன்னாலே இறக்கிவிடுவார்கள். மெட்ரோ நிலையத்துக்கும் இதே பெயர்தான். வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். பாலிசிப் பத்திரத்தின் நகலும் கையில் இருக்கட்டும். ஐந்துக்கு நான்கரை தருகிறேன். பிடித்துக்கொண்ட அரை, வராமல்போன மாடிகளுக்காக.