குளோபெட்டசால் ஆயின்ட்மென்ட்: ஐந்துக்கு நாலு

மாதவிடாய் நின்றபின் பிறப்புறுப்புத் தோல் வெளுத்து, ராத்திரி தூங்கவிடாத அரிப்பு. லைக்கன் ஸ்க்லெரோசஸ் என்ற நாள்பட்ட தோல் நோய் என்றார் தோல் டாக்டர். எழுதித் தந்தது குளோபெட்டசால் 0.05% என்ற வீரியமான ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட். முதல் மாதம் தினமும் இரவில், அடுத்த மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் வாரம் இருமுறை. விரல் நுனியளவு, சுமார் அரை கிராம் போதும்.

அரிப்பு நன்றாகவே அடங்கிவிட்டது. வெள்ளை மட்டும் கொஞ்சம் பாக்கி. மருந்துக்கடையில் ‘எல்லாம் ஒண்ணுதாம்மா’ என்று பூஞ்சை மருந்து கலந்த க்ரீமை நீட்டினார்கள். வாங்காதீர்கள், சீட்டில் உள்ளதையே கேளுங்கள். பெட்டிக்குள் இருக்கும் தாள் ஸ்டீராய்டு என்று ஏகத்துக்குப் பயமுறுத்தும். டாக்டர் சொன்ன அளவோடு நின்றால் பயமில்லை.

ஒரு மதிப்பெண் குறைத்தது டியூப்புக்கு: லேசாக அழுத்தினாலே கொட்டிவிடுகிறது. அந்த இடத்தைக் கழுவ சோப்பு போடுவதில்லை, மேலே வாசலின் தடவுகிறேன். ஆறாத புண்ணோ கட்டியோ வந்தால் உடனே காட்டச் சொல்லியிருக்கிறார் டாக்டர், இந்த நோய் அபூர்வமாகப் புற்றுநோயாகலாமாம்.