யூவெர்ஷன் பைபிள் ஆப்: வாசிக்க நல்லது, போனை அடக்கி வைத்தால்

பைபிள் ஆப் என்றதும் பெரும்பாலோர் போனில் இருப்பது யூவெர்ஷன்தான். 2008 ஜூலையில் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்தபோதே வந்துவிட்ட பழைய ஆப். நடத்துவது அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள லைஃப்.சர்ச் என்ற சபை. கட்டணம் கிடையாது, விளம்பரம் கிடையாது. எங்கள் கணக்கில் ஐந்துக்கு நான்கு. ஆனால் அந்த நான்கு, கீழே சொல்லும் அமைப்புகளையெல்லாம் செய்து முடித்த பிறகு கிடைப்பது. இறக்கியபடியே விட்டுவிட்டால் மூன்றுகூடக் கொடுக்க மனம் வராது. வேதம் வாசிக்கப் போனைக் கையில் எடுத்தவர் வாசித்து முடித்துத்தான் கீழே வைக்கிறாரா என்பதை வைத்தே இங்கே மதிப்பிடுகிறோம்.

முதலில் தமிழ். சபைகளில் வாசித்துப் பழகிய ஓ.வி. (ஓல்டு வெர்ஷன்) மொழிபெயர்ப்பும் இருக்கிறது, ஐ.ஆர்.வி. (இந்தியன் ரிவைஸ்டு வெர்ஷன்), எளிய நடையில் உள்ள ஈஸி டு ரீட் போன்றவையும் இருக்கின்றன. வசனத்தைத் தொட்டால் கீழே வரும் பட்டையில், அதே வசனத்தை மற்ற மொழிபெயர்ப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நிருபங்களில் வாக்கியம் நீண்டுகொண்டே போய்ப் பொருள் பிடிபடாத இடங்களில் இது பெரிய உதவி. ஒவ்வொரு வசனத்துக்கும் ஒப்பிட உட்கார்ந்தால் மட்டும் அன்றைய அதிகாரம் முடியாது.

எழுத்தளவைக் கூட்டும்போது ஒரு சங்கடம் உண்டு. தமிழ்ச் சொற்கள் நீளம். 'பிரவேசித்தார்கள்', 'நியாயப்பிரமாணத்தின்படி' போன்றவை வந்தால் குறுகலான திரையில் ஒரு வரிக்கு இரண்டு சொல்தான் நிற்கும். கண் ஓயாமல் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். எழுத்தை ஒரு படி குறைத்து வரி இடைவெளியைக் கூட்டினால் இதைவிட நன்றாக இருக்கும். போனைக் குறுக்காகத் திருப்பிப் பிடிப்பதும் சரியே. பார்வை குறைந்தவர்களுக்கு டேப்லெட்தான் தோது.

மொழிபெயர்ப்பைப் போனிலேயே இறக்கி வைத்துவிடுங்கள். மொழிபெயர்ப்புப் பட்டியலில் இறக்கும் குறி உள்ளவற்றுக்குத்தான் இது முடியும். உரிமை வைத்திருப்பவர்கள் அனுமதிக்காதவை இணையத்தில் மட்டுமே திறக்கும். இறக்கிய பிறகு ஏரோப்ளேன் மோடில் போட்டு, இதுவரை திறக்காத ஒரு புத்தகத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் வேலை முடிந்தது. டேட்டாவை அணைத்துவிட்டு வாசிப்பதைப் போல எளிய தடுப்பு வேறில்லை என்பதால்தான் இந்தச் சோதனை.

ஆப் திறந்ததும் வருவது முகப்புப் பக்கம். அன்றைய வசனம், காணொளி, நண்பர்கள் என்ன செய்தார்கள் என்பது, புதிய வாசிப்புத் திட்டங்களுக்கான (நாளுக்கு இவ்வளவு என்று பிரித்துத் தரும் அட்டவணை) அழைப்பு என அங்கே பலதும் இருக்கும். கீழே உள்ள பைபிள் குறியைத் தொட்டால்தான் கடைசியாக விட்ட அதிகாரம் வரும். முகப்பில் நிற்காமல் நேரே அங்கே போகும் பழக்கத்தை விரலுக்குக் கொடுத்துவிட வேண்டும். அன்றைய வசனத்தை மட்டும் பார்த்துவிட்டு 'இன்றைக்கு வாசித்தாயிற்று' என்று மூடிவிடுவதுதான் இந்த ஆப்பில் மிக எளிதாக விழக்கூடிய குழி.

தொடர் நாட்கள் கணக்கும் அந்தக் குழியை ஆழமாக்குகிறது. தவறாமல் எத்தனை நாள் வந்தீர்கள் என்று ஆப் எண்ணிக் காட்டும். எவ்வளவு வாசித்தீர்கள் என்பது அந்த எண்ணில் வராது. இரவு பதினொன்றரைக்கு எண் அறுந்துவிடுமே என்று திறந்து மூடினாலும் கணக்கு ஏறிவிடும். திட்டங்களில் போடும் டிக்கும் அப்படித்தான்: அடுத்த பக்கத்துக்குத் தள்ளினால் முந்தையது வாசித்ததாகிவிடும். தொடக்கத்தில் இந்த எண் ஊக்கம் தரும், மறுக்கவில்லை. பிறகு எண்ணுக்காகவே திறக்கத் தொடங்கினால் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டு, முடித்த அதிகாரத்தை ஒரு நோட்டில் எழுதி வைப்பது மேல்.

வாசிப்புத் திட்டம்தான் இந்த ஆப்பின் பலம். பலர் தோற்றுப்போகும் இடமும் அதுதான். வேதாகமத்தின் 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள்: பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. ஒரு வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்றேகால் அதிகாரம் வேண்டும். வாரத்தில் ஆறு நாள் மூன்று மூன்றாகவும் ஓய்வு நாளில் ஐந்துமாக வாசித்தால் வாரத்துக்கு 23. 52 வாரத்தில் 1,196. முழு வேதமும் முடிந்து ஏழு அதிகார இடமும் மிஞ்சும்.

ஆதியாகமத்திலிருந்து நேராக ஜனவரி 1 அன்று தொடங்குகிறவர்கள் எங்கே நிற்பார்கள் என்பதையும் கணக்குப் போட்டே சொல்லலாம். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. இந்தத் தொண்ணூறும் ஜனவரி 28 வாக்கில் முடியும். அதன் பிறகு லேவியராகமம் 27 அதிகாரம், எண்ணாகமம் 36 அதிகாரம். பலிகளின் விதிமுறைகளும் கோத்திரக் கணக்கெடுப்பும் ஏறக்குறைய மூன்று வாரம் தொடரும். கதை ஓட்டம் குறையும் இந்த வாரங்களில்தான் பக்கத்து ஆப் அதிகம் இழுக்கும். முதன்முறை வாசிப்பவர்கள் பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும் கலந்து வரும் திட்டத்தை எடுப்பது நல்லது. ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்செயின் 1842-இல் வகுத்த அட்டவணை இந்த வகை: தினம் நான்கு பகுதி, வருடத்தில் பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை. ஆனால் அதன் அளவு கனம். வேலைக்குப் போகிற, குழந்தைகளைக் கிளப்புகிற வீட்டில் நான்கு பகுதி காலையிலேயே முடியாது. காலை இரண்டு, இரவு இரண்டு என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் பரிந்துரைப்பது இதைவிடச் சின்னது. புதிய ஏற்பாட்டின் 260 அதிகாரத்தை வாரத்துக்கு ஐந்தாகப் பிரித்தால் சரியாக 52 வாரம். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று. சனி, ஞாயிறு விட்டுப்போனதைப் பிடிக்க. இதில் யாரும் பின்தங்கித் திணறுவதில்லை. சங்கீதம் தனியாக வேண்டுமென்றால் நாளுக்கு ஐந்து வீதம் முப்பது நாளில் முடியும் என்பது பழைய கணக்கு. அதை அப்படியே நம்பி உட்கார வேண்டாம்: சங்கீதம் 117-இல் இரண்டே வசனம், 119-இல் 176. 119 வரும் நாளை அதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

நான்கைந்து நாள் விட்டுப்போனால் திட்டத்தில் வாசிக்காத நாட்கள் வரிசையாக நின்று முறைக்கும். பதினாறு அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்து ஈடுகட்ட முயல்கிறவர்கள் பெரும்பாலும் அத்தோடு விட்டுவிடுவார்கள். திட்டத்தின் அமைப்புகளுக்குள் போனால், விட்ட நாளே இன்றைய நாளாகும்படி தேதிகளைத் தள்ளிவைக்கும் வசதி இருக்கிறது. முடியும் தேதி சில நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். இந்த வசதி இருப்பதே பலருக்குத் தெரியாது.

இனி போன். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் போன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் வெல்பீயிங்கில் இன்ஸ்டாகிராமுக்கு அரை மணி என்று டைமர் வைப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. காலை வாசிப்புக்கு அதனால் பயனில்லை. அந்த டைமர் நள்ளிரவில் புதுப்பிக்கப்படும். விடிகாலை ஐந்து மணிக்கு முழு அரை மணியும் கைவசம் இருக்கும். காலைக்கு வேண்டியது அதே இடத்தில் உள்ள, தேர்ந்தெடுத்த ஆப்களைக் குறித்த நேரம் வரை நிறுத்திவைக்கும் ஃபோகஸ் மோட். அதில் வாட்ஸ்அப், யூடியூப், செய்தி ஆப்கள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, வாசிக்கும் நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பே தொடங்கும்படி அட்டவணை போடுங்கள். எழுந்தவுடன் போன் தொடப்படும் முதல் நொடி அதற்குள் அடங்க வேண்டும். ஐந்து நிமிட இடைவேளை எடுக்கும் வழியும் அதிலேயே உண்டு. பூட்டின் பக்கத்திலேயே சாவியைத் தொங்கவிட்ட மாதிரிதான். அதனால் இதோடு இன்னொன்றும் சேர வேண்டும்.

அது ஆப் பின்னிங், அதாவது ஒரே ஆப்பில் திரையைப் பூட்டி வைப்பது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதிக்குள் இருக்கும். சில போன்களில் பெயரும் இடமும் மாறும், செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'பின்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் கிடைத்துவிடும். இயக்கும்போது, பின்னை எடுக்க பூட்டு எண் கேட்கும் தேர்வையும் சேர்த்து இயக்குங்கள். பிறகு பைபிள் ஆப்பைத் திறந்து, சமீபத்திய ஆப்களின் திரைக்குப் போய், அதன் தலைப்பில் உள்ள சின்னத்தைத் தொட்டு 'பின்' கொடுங்கள். இனி முகப்புக்கோ வேறு ஆப்புக்கோ போக முடியாது. வெளியே வர, கீழிருந்து மேலே இழுத்துப் பிடித்து பூட்டு எண் போட வேண்டும். அந்த நான்கு இலக்கம் தட்டும் நேரத்தில் பாதி ஆசை அடங்கிவிடும். ஒரு ஓட்டை உண்டு: பின் செய்த ஆப் தானே மற்றோர் ஆப்பைத் திறக்கலாம். தியானக் கட்டுரையில் உள்ள இணைப்பைத் தொட்டால் பிரவுசர் வந்துவிடக்கூடும். டேட்டாவை முன்பே அணைத்திருந்தால் அதுவும் அடைபடும்.

ஐபோனில் இதே வேலைக்கு கைடட் ஆக்செஸ். செட்டிங்ஸில் ஆக்ஸசிபிலிட்டிக்குள் போய் இயக்கி, தனி பாஸ்கோட் வைத்து, பைபிள் ஆப்பைத் திறந்து பக்கவாட்டுப் பொத்தானை மூன்று முறை அழுத்தினால் தொடங்கும். ஆண்ட்ராய்டில் இல்லாத ஒரு வசதி இதில் இருக்கிறது: நேரம் குறித்துவிடலாம், முடியும்போது ஒலி எழுப்பும். மணி பார்க்கத் திரையின் மூலைக்குக் கண் போவது நின்றுவிடும். ஸ்கிரீன் டைமில் டவுன்டைம் (குறித்த நேரத்தில் ஆப்களைப் பூட்டுவது) வைப்பவர்கள், எப்போதும் அனுமதிக்கும் ஆப்களின் பட்டியலில் பைபிளைச் சேர்க்க மறந்துவிட வேண்டாம். மறந்தால் அதுவும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும்.

இரவில் வாசிப்பவர்கள் கவனிக்க: டிஜிட்டல் வெல்பீயிங்கில் தூங்கும் நேரத்துக்கென உள்ள பெட்டைம் மோட் திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும். தூக்கத்துக்கு நல்லதுதான். ஆனால் மஞ்சளிலும் பச்சையிலும் குறித்து வைத்த வசனங்கள் எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரியும். நிறத்தை வைத்துப் பிரித்துப் படிப்பவர்கள் குறிப்பதையும் தேடுவதையும் காலைக்கு வைத்துக்கொள்ளட்டும்.

ஒலி வேதாகமத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. எல்லாத் தமிழ் மொழிபெயர்ப்புக்கும் ஒலி கிடையாது. இருந்தால் ஒலிபெருக்கிச் சின்னம் தெரியும். திரையை அணைத்தாலும் ஓடும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அச்சுப் பைபிளைக் கையில் விரித்துக் கூடவே வாசிப்பது இந்த ஆப்பின் மிகச் சிறந்த பயன் என்பது எங்கள் எண்ணம். வம்ச வரலாறாகவே போகும் 1 நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்கள்கூட இப்படிக் கேட்டால் தட்டாமல் நகரும்.

ஆப்பின் அறிவிப்புகளில் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை அணையுங்கள். விட வேண்டியது திட்டத்துக்கான நினைவூட்டல், அதுவும் வாசிக்க உட்காரும் நேரத்துக்கே வரும்படி. நண்பர்களின் செயல்பாடு பற்றிய அறிவிப்பு வேண்டவே வேண்டாம். குறிப்பு எழுதுபவர்கள், அதை யார் பார்க்கலாம் என்ற தேர்வை எழுதும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஜெபக் குறிப்புகளில் மற்றவர் வீட்டு விஷயமும் வருமே.

இத்தனைக்குப் பிறகும் கை வாட்ஸ்அப்புக்கே போகிறது என்பவர்களுக்குக் கடைசி வழி, அலமாரியில் கிடக்கும் பழைய போன். சிம் வேண்டாம். மின்கலம் உப்பியிருந்தால் தொட வேண்டாம். வேறு எல்லா ஆப்பையும் நீக்கி, யூவெர்ஷன் நிறுவி, உங்கள் கணக்கில் நுழைந்து, மொழிபெயர்ப்பை இறக்கிவிட்டு ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். மிகப் பழைய ஆண்ட்ராய்டில் ஆப் நிறுவ மறுக்கலாம்; கட்டுரையோடு வரும் திட்டங்கள் இணையமில்லாமல் திறக்காமலும் போகலாம். அதனால் அதிகார அட்டவணையைத் தாளில் எழுதி உறைக்குள் செருகி வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை வைஃபையில் சேர்த்தால் குறித்த வசனங்கள் புதிய போனுக்கும் வந்துவிடும்.