‘லைவ் ப்ராஜெக்ட்’ என்று ப்ரொபோசல் எழுதச் சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள்

தொண்டு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே ப்ரொபோசல் (நிதி கேட்டு எழுதும் திட்ட விண்ணப்பம்) எழுதிச் சம்பாதிக்கலாம் என்று ஒரு பயிற்சி விளம்பரம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கட்டணம் 18,000 ரூபாய். சனி, ஞாயிறு ஜூம் வகுப்பு. முடிவில் சான்றிதழ், அப்புறம் ‘லைவ் ப்ராஜெக்ட்’, அதாவது நிஜமான ஒரு தொண்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுப்பது. நீங்கள் எழுதிய ப்ரொபோசலுக்கு நிதி கிடைத்துவிட்டால் அதில் 5 சதவீதம் உங்களுக்கு. நான் இதில் பணம் கட்டிப் படித்து, எழுதியும் கொடுத்தவள். எழுதியதற்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. என் எழுத்தை வைத்து அதைவிட மோசமான காரியமும் நடந்திருக்கிறது.

முதலில் ஒன்று. இந்த வேலை பொய்யில்லை. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுவரவு 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இதைத்தான் சிஎஸ்ஆர் நிதி என்கிறார்கள். அந்தப் பணத்தைக் கேட்டு எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. 2020-இல் வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டு நிதி பெறும் ஒரு நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். அதுவரை பெரிய என்ஜிஓவை அண்டி ஓடிக்கொண்டிருந்த கிராமத்து டிரஸ்டுகள் தாங்களே நிதி தேட வேண்டிய நிலை. அங்கே களத்தில் உயிரைக் கொடுத்து வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் பட்ஜெட்டோடு முப்பது பக்கம் எழுத ஆள் இல்லை. அந்த இடைவெளியில்தான் புரோக்கர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வகுப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. லாக்ஃப்ரேம் (திட்டத்தின் இலக்கு, வேலை, பலன் ஆகியவற்றின் அட்டவணை), பட்ஜெட், பேஸ்லைன் (தொடங்கும்போது உள்ள நிலையின் கணக்கு) என்று நிதி நிறுவனங்கள் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கும் மாதிரிப் படிவங்களைத் திரையில் காட்டிப் படித்தார்கள். சான்றிதழ் பிடிஎஃப் வந்தது. இந்த வேலைக்கு இந்தியாவில் அரசு உரிமமோ கட்டாயச் சான்றிதழோ கிடையாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிறகு லைவ் ப்ராஜெக்ட். ராமநாதபுரம் மாவட்டம் கடலாடிப் பக்கம் பனைத்தொழிலாளர் குடும்பங்களோடு வேலை செய்யும் ஒரு டிரஸ்ட். புகையில்லா அடுப்பு கேட்டு ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் பிரிவுக்கு எழுத வேண்டும். மதுரையில் களப்பணியில் பல வருடம் இருந்தவள் என்பதால் ஊரைப் பார்க்காமல் எழுத எனக்கு மனசு வரவில்லை. போனேன். ஓலைக் கொட்டகைக்குள் விறகு அடுப்பில் பதநீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு அம்மா ஒரு கையால் முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே இன்னொரு கையால் துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தார். பாகு பதம் தப்பினால் கருப்பட்டி உறையாது, அதனால் நடுவில் எழுந்து வெளியே போக முடியாது. “அடுப்பு குடுத்தா நல்லதுதான். ஆனா சீசனுக்கு முன்னாடியே ஏவாரிகிட்ட முன்பணம் வாங்கிட்டோம்ல, அவன் சொன்ன வெலைக்குத்தான் போடணும்” என்றார். எழுத வேண்டிய விஷயம் அதுதான் என்று தோன்றியது. அடுப்போடு சேர்த்து, சீசனுக்கு முன் பெண்கள் குழுவுக்குக் கடன் கொடுக்க ஒரு சுழல் நிதியையும் வைத்து எழுதினேன். எவ்வளவு விறகு, எத்தனை மணி நேரம் புகையில், வியாபாரி விலைக்கும் சந்தை விலைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எல்லாமே அந்தப் பெண்கள் சொல்லிக் குறித்தவை.

அனுப்பியபின் பயிற்சியாளர் சொன்னது: “சாங்ஷன் ஆகலை மேடம், இந்த ஃபீல்டுல இது சகஜம். அடுத்தது எழுதுங்க.”

பழைய சக ஊழியர் ஒருவர் இப்போது வேறொரு கம்பெனியின் சிஎஸ்ஆர் பிரிவில் இருக்கிறார். தன் மேசைக்கு வந்த ஒரு ப்ரொபோசலைப் படித்துவிட்டு, “இது உங்க எழுத்து மாதிரி இருக்கே” என்று கூப்பிட்டார். என் எழுத்தேதான். டிரஸ்ட் வேறு, மாவட்டம் வேறு. அந்த அம்மா சொன்னதை நான் எழுதியிருந்த பத்தி, ஊர்ப் பெயர் மட்டும் மாறி அப்படியே இருந்தது. பயனாளிகள் எண்ணிக்கையை மூன்று மடங்காக்கியிருந்தார்கள். பட்ஜெட்டில் நான் போடாத ஒரு வரி புதிதாக முளைத்திருந்தது: ‘ஆவணப்படுத்தல் மற்றும் திறன் மேம்பாட்டுச் செலவு’, மொத்தத் தொகையில் 12 சதவீதம். சுழல் நிதியைக் காணோம். அதை எடுத்துவிட்டுத்தான் இந்த வரிக்கு இடம் பண்ணியிருக்கிறார்கள்.

கடலாடி டிரஸ்டின் பொருளாளருக்கு நேரடியாகப் போன் செய்தேன். “நிதி வந்து அடுப்பு வேலையே ஆரம்பிச்சாச்சேம்மா. உங்க பங்கையும் சேத்து சார்கிட்ட செட்டில் பண்ணிட்டோமே” என்றார். அவர் நல்ல மனிதர். எழுதியவளுக்குப் பணம் போகவில்லை என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் நம்பரைப் பயிற்சியாளர் பிளாக் செய்துவிட்டார்.

சதவீதக் கமிஷன் என்ற பேச்சு வந்தாலே விலகிவிடுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் பட்ஜெட்டில் நுழைந்த அந்த 12 சதவீதச் செலவுத் தலைப்பு. நிதி கொடுக்கிறவர் ஒவ்வொரு தலைப்புக்கும் இவ்வளவு என்று ஒப்புக்கொண்டுதான் கொடுக்கிறார். செலவுக்குப் பில் வேண்டும், பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்று ஆடிட்டர் கையெழுத்திட்ட யூடிலைசேஷன் சர்டிஃபிகேட் வேண்டும். ‘எழுதியவருக்குக் கமிஷன்’ என்று அதில் ஒரு தலைப்பு இருக்க வழியே இல்லை. அப்படியானால் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? நடக்காத பயிற்சிக்கு ஒரு பில், வாங்காத பொருளுக்கு ஒரு பில். போவது அந்தக் கொட்டகைப் பெண்களின் பணம். வெளிநாட்டு நிதியிலோ நிர்வாகச் செலவே மொத்தத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஆலோசகர் கட்டணமும் அதற்குள்தான் அடங்க வேண்டும். அமெரிக்காவில் இதே வேலை செய்பவர்களின் சங்கமான கிராண்ட் ப்ரொஃபெஷனல்ஸ் அசோசியேஷன் தன் நெறிமுறையில் சதவீதக் கூலியைத் தடையே செய்திருக்கிறது. நியாயமான டிரஸ்ட், நிதி வந்தாலும் வராவிட்டாலும் எழுதும் வேலைக்கு ஒரு தொகை பேசி, பாதியை முன்பணமாகத் தரும். இப்போது எனக்கு வேலை கொடுக்கும் இரண்டு டிரஸ்டுகள் அப்படித்தான் தருகின்றன.

நடுவில் ஆள் வைத்து வரும் வேலையை ஏற்காதீர்கள். டிரஸ்டின் பெயர் தெரிந்தவுடன் தொண்டு நிறுவனங்களைப் பட்டியலிடும் நீதி ஆயோக்கின் என்ஜிஓ தர்பன் தளத்தில் தேடிப் பாருங்கள். 12ஏபி, 80ஜி என்ற வருமான வரிச் சலுகைச் சான்றிதழ்களின் நகலையும், சிஎஸ்ஆர் நிதி என்றால் அதைப் பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவு எண்ணையும் கேளுங்கள். வெளிநாட்டு நிதி என்றால் எஃப்சிஆர்ஏ பதிவு ரத்தாகியிருக்கிறதா என்று உள்துறை அமைச்சகத்தின் தளத்திலேயே மாநில வாரியாகப் பார்க்கலாம். இதையெல்லாம் கேட்டால் நல்ல டிரஸ்ட் கோபப்படாது. உண்மையில் சந்தோஷப்படும்.

சிறு தொழில் செய்பவர்களுக்கான அரசின் உத்யம் பதிவை வேலை தொடங்குவதற்கு முன்பே செய்து வைத்துக்கொள்ளுங்கள், இலவசம்தான். எழுத்து மூல ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டியோடு கேட்டு சிறுதொழில் அமைச்சகத்தின் இணையதளத்தில் மனுப் போடலாம். பதிப்புரிமையும் முக்கியம். நீங்கள் சம்பள ஊழியர் இல்லை என்றால், எழுத்துமூலமாக மாற்றித் தராதவரை எழுதியதன் உரிமை பொதுவாக உங்களிடம்தான் இருக்கும்.

பயிற்சிக் கட்டணத்துக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டிருக்கிறேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வழி கேட்க 1915-க்குக் கூப்பிடலாம். அந்த இரண்டாவது ப்ரொபோசலை என் பழைய சக ஊழியரின் கம்பெனி நிறுத்தி வைத்துவிட்டது. இதே மாதிரி பயிற்சியில் சேர்ந்து லைவ் ப்ராஜெக்ட் எழுதிக் கொடுத்தவர்கள் இருந்தால், கூகுள் டாக்ஸில் உள்ள கோப்பை அழித்துவிடாதீர்கள். எந்த வரியை எந்தத் தேதியில் யார் எழுதினார்கள் என்று அதன் வெர்ஷன் ஹிஸ்டரி காட்டும். என் மனுவோடு நான் இணைத்திருப்பதும் அதைத்தான்.